மிசின் நிற்கும், பால் உண்டு

பெங்களூரில் பதினாறு வருடம் நான் பார்த்த வேலையைச் சொந்தக்காரர்கள் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. ராஜபாளையத்தில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், பக்கத்து இலைக்காரர் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் கேட்பார்: "கம்ப்யூட்டர்ல என்ன வேலை பாக்கீய?" ரசம் வந்துவிடுமே என்ற அவசரத்தில், "யார் எங்க இருக்காங்கன்னு எழுதி வைக்கிற வேலை" என்பேன். அவர் பரிதாபமாகப் பார்ப்பார். தாலுகா ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்திருந்தாலும் இதே வேலைதான், பென்ஷனாவது கிடைத்திருக்கும் என்பது அந்தப் பார்வையில் தெரியும். அவர்கள் பார்த்தது சரிதான் என்று எனக்கு நாற்பத்து மூன்று வயதில் புரிந்தது.

விஷயம் இதுதான். பெரிய கம்பெனிகளில் ஒரே புரோகிராம் எல்லா வேலையையும் பார்ப்பதில்லை. நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன புரோகிராம்கள், ஆளுக்கொரு வேலை. ஆர்டர் எடுக்க ஒன்று, ரசீது போட ஒன்று, நடந்த தவறுக்கு மன்னிப்புக் கேட்டு மெயில் அனுப்புவதற்கென்றே ஒன்று. எதுவும் ஒரே கம்ப்யூட்டரில் நிலையாகக் குடியிருக்காது. இன்றைக்கு இங்கே, நாளைக்கு வேறெங்கோ. அதனால் ஒன்று இன்னொன்றைக் கண்டுபிடிக்க நடுவில் ஒரு பதிவேடு வேண்டும். ஒவ்வொரு புரோகிராமும் பத்து விநாடிக்கு ஒரு தடவை அந்தப் பதிவேட்டிடம் "இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். தொடர்ந்து மூன்று தடவை சத்தத்தைக் காணோம் என்றால், செத்துவிட்டது என்று பேரை அடித்துவிட்டு, அதற்குப் போகவேண்டிய வேலையைப் பதிவேடு வேறொன்றுக்குத் திருப்பிவிடும். துக்கம் கேட்க யாரும் வரமாட்டார்கள். பதினாறாம் நாள் விசேஷமும் கிடையாது. இந்தப் பதிவேட்டைக் கட்டுவதும், எத்தனை விநாடி பொறுக்கலாம், யாருக்குப் பதில் யார் என்ற விதிகளை எழுதி வைப்பதும்தான் என் வேலை.

ஒரு திங்கட்கிழமை காலை என் லேப்டாப் என் பாஸ்வேர்டை ஏற்க மறுத்தது. சொந்த மெயிலைத் திறந்தால், கம்பெனி மெலிந்து அழகாகப் போகிறது என்றும் அந்த அழகில் எனக்கு இடமில்லை என்றும் ஒரு கடிதம் இருந்தது. நான் கட்டிய பதிவேட்டிலிருந்து என்னையே எடுத்துவிட்டார்கள். எடுத்த வேகத்தைப் பார்த்துத் தொழில்ரீதியாகக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. விதியை எழுதியவன் நான்தானே.

ஊருக்குத் திரும்பி இரண்டு மாதம் சும்மா இருந்தேன். மனைவி பள்ளிக்கூட வேலைக்குப் போக, சும்மா இருக்கிற ஆம்பிளைக்குப் புத்தி சொல்ல ராஜபாளையத்தில் ஆள் பஞ்சம் கிடையாது. அப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி, தெரிந்தவர் மூலமாகக் கூப்பிட்டு அனுப்பினார். கோயிலுக்குப் போகிற வழியில் கடை, பின்பக்கம் அடுப்படி. பால் இரண்டு இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது, ஒன்று சோழபுரம், இன்னொன்று செட்டியார்பட்டி. இரண்டிலும் வீடுவீடாகப் பால் வாங்கிச் சேர்க்கும் நிலையம் உண்டு. அங்கே பாலை அளக்க ஒரு மிசின், மிசினோடு ஒரு சின்னக் கம்ப்யூட்டர். எத்தனை லிட்டர் சேர்ந்தது என்பது உடனுக்குடன் கடைக் கம்ப்யூட்டரில் தெரிய வேண்டும். அதைப் பார்த்துத்தான் எத்தனை அடுப்பு மூட்டுவது, வேனை எந்த ஊருக்கு அனுப்புவது என்று அண்ணாச்சி முடிவு செய்வார்.

தெரியும் என்றுதான் மிசினை விற்றவன் சொல்லியிருந்தான். இண்டர்நெட்டில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் உண்டு. நான்கு துண்டாக, நடுவில் புள்ளி வைத்து. கரண்டு போய்வந்தால் அந்த எண் மாறிவிடும். நம் பக்கத்துக் கரண்டின் போக்குவரத்தைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எண் மாறியது தெரியாமல் கடைக் கம்ப்யூட்டர் பழைய எண்ணிலேயே கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும்.

இதற்கு அண்ணாச்சி ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். கல்லாவுக்குப் பின்சுவரில் ஒரு கரும்பலகை. கரண்டு வந்ததும் சோழபுரத்துக்குப் போன் போடுவார். "ஏம்மா, இப்ப ஒன் நம்பர் என்ன?" அந்தப் பக்கம் நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஸ்கிரீனைப் பார்த்துப் புள்ளி புள்ளியாக வாசிப்பாள். இவர் சாக்பீசில் எழுதி, கம்ப்யூட்டரில் தட்டுவார். அவ்வளவுதான். பெங்களூரில் ஒரு மாடி முழுக்க ஆள் வைத்துச் செய்த காரியத்தை இங்கே ஒரு சாக்பீஸ் செய்துகொண்டிருந்தது. எனக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு தாங்கவில்லை.

பலகையில் எண்கள் மட்டும் இல்லை. ஓரமெல்லாம் பொடி எழுத்தில் குறிப்புகள். "வெள்ளி மதியம் சோழபுரம் லைன் வராது, பயப்பட வேண்டாம்." "செட்டியார்பட்டி கோயில் பொங்கல் சாட்டிய வாரம் பால் குறையும்." எல்லாவற்றுக்கும் கீழே, வருடக்கணக்காக அழிக்காமல் மங்கிப்போன ஒரு வரி: "ஆயுத பூஜை. சோழபுரம் மிசின் மத்தியானத்தோடு நிற்கும். பால் உண்டு."

நான் முதல் வாரமே அந்தப் பலகையை ஈரத்துணியால் துடைத்தேன். என் கையாலேயே துடைத்தேன். எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அண்ணாச்சியின் இலக்கியம் என்று விட்டுவிட்டேன். அந்த இடத்தில் ஒரு டிவியை மாட்டினேன். அதில் இரண்டு ஊருக்கும் இரண்டு பச்சை வட்டங்கள். இனி யாரும் யாருக்கும் போன் போட வேண்டாம். நிலையத்துக் கம்ப்யூட்டர்கள் தாமாகவே பத்து விநாடிக்கு ஒரு தடவை வந்து, தங்கள் புது எண்ணையும் சொல்லி, "இருக்கிறேன்" என்று சொல்லும். மூன்று தடவை சொல்லாவிட்டால் வட்டம் சிவப்பாகும். அந்த ஊர் வேனின் வழியிலிருந்து நீங்கிவிடும். குறைகிற பாலுக்குத் தனியார் பால் பண்ணை ஒன்றுக்குத் தானாக ஆர்டர் போய்விடும். டிரைவர் போனில் எந்த ஊர் தெரிகிறதோ அந்த ஊருக்கு மட்டும் போனால் போதும். பெங்களூரில் எழுதிய விதிகளை அப்படியே கொண்டுவந்திருந்தேன், விநாடிக் கணக்கைக்கூட மாற்றவில்லை.

"இருக்கிறேன்" என்று சொல்வதற்கான என் பெட்டியைச் சோழபுரத்தில் மாட்டப் போனபோதுதான், போனில் எண் வாசித்த அந்தப் பெண்ணை முதலில் பார்த்தேன். என்னைவிட நான்கைந்து வயது சின்னவள் இருப்பாள். கணவர் பட்டாளத்தில். அப்போது வடக்கே பனிமலையில் எங்கேயோ போஸ்டிங், ரிட்டயர் ஆக இன்னும் ஒன்றரை வருடம். அவர் வருவதற்குள் நிலையத்துக்குப் பாலைக் குளிரவைக்கும் டேங்க் ஒன்று வாங்கிவிட வேண்டும், அவரும் வந்து கூட நிற்க வேண்டும் என்பது அவள் கணக்கு. அதுவரைக்கும் டேங்க் கிடையாது. கறந்த பாலைக் கேனில் ஊற்றிவைத்து, வேன் வந்ததும் ஏற்றிவிட வேண்டும்.

"அண்ணே, ஒரே ஒரு விசயம்" என்றாள். "அந்தத் தனியார் பண்ணை ஏஜெண்டு தெருவுல வீடுவீடாப் போயி ஆளுகளக் கலைச்சுக்கிட்டு இருக்கான். நான் இம்புட்டு வருசத்துல ஒரு வேளப் பாலையும் வேண்டாம்னு திருப்பினதில்ல. அந்த ஒரு சொல்லுக்குத்தான் எங்கிட்ட ஊத்துதாங்க. ஒரு வேள வண்டி வரலன்னாப் போதும், மறுநா அவங்கிட்டப் போயிருவாங்க. ஒங்க மிசினு ஒண்ணும் எடக்குப் பண்ணாதே?"

"மனுஷங்கதான் தப்புப் பண்ணுவாங்கம்மா. இது பண்ணாது" என்றேன். அவள் சொன்ன அதே ஏஜெண்டின் பண்ணைக்குத்தான் என் விதி ஆர்டர் போடும் என்பது என் மண்டையில் ஏறவேயில்லை. விலை விசாரித்ததில் அவர்கள்தான் சீக்கிரம் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார்கள், போட்டுவைத்தேன்.

டிரைவருக்கு மட்டும் என் ஏற்பாடு பிடிக்கவில்லை. ஐம்பது வயதைத் தாண்டியவர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். என்னைத் திட்ட வேண்டும் என்றால் மட்டும் கிளீனரிடமோ போனிலோ அந்த மொழிக்குப் போய்விடுவார். பாதித் தெரு தெலுங்கு பேசும் ராஜபாளையத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தெலுங்கு புரியாது என்று அவர் எப்படி நம்பினாரோ, தெரியாது. நானும் காட்டிக்கொள்ளவில்லை. என்னைப் பற்றி ஒளிவுமறைவில்லாத அபிப்பிராயம் கிடைக்கும் ஒரே இடம் அதுதான்.

ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்னால் சோழபுரத்தில் கரண்டு போய் வட்டம் சிவப்பானது. டிரைவர் அதை மதிக்காமல் வழக்கம்போலப் போய்ப் பாலை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஏற்கெனவே பண்ணைப் பாலும் வந்து இறங்க, அடுப்படியில் கேன் வைக்க இடமில்லை. நான் கடைவாசலில் வைத்து அவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். "போன்ல ஊர் பேர் இல்லைன்னா போகக்கூடாது. உங்க இஷ்டத்துக்குப் போறதுன்னா கம்ப்யூட்டர் எதுக்கு?" வாங்க வந்த ஆட்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரிங்க சார். இனிமே நீங்க சொன்ன எடத்துக்குத்தான் வண்டி போவும்" என்றார். பிறகு கிளீனரிடம் தெலுங்கில் ஒரு வாக்கியம் சொன்னார். அதை இங்கே எழுத முடியாது.

ஆயுத பூஜை அன்று கடையில் கால் வைக்க இடமில்லை. வொர்க்‌ஷாப், லாரி ஆபீஸ், மில் என்று எல்லாரும் பெட்டி பெட்டியாக இனிப்பு வாங்குகிற நாள். அண்ணாச்சி தராசு, கத்தி, அடுப்படிக் கரண்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, பதிவேடு ஓடும் கம்ப்யூட்டரான என் சர்வரிடம் வந்தார். "இதை நிப்பாட்ட முடியாது அண்ணாச்சி, இதுக்கு மட்டும் லீவே கிடையாது" என்று நான் சொன்னதில் பெருமிதம் இருந்திருக்க வேண்டும். அவர் அதன் தலையில் ஒரு பொட்டும் எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டுப் போனார்.

மத்தியானம் பன்னிரண்டரைக்குச் சோழபுரம் சிவப்பானது. பண்ணைக்கு ஆர்டர் போனது. டிரைவர் போனிலிருந்து ஊர் நீங்கியது. கூட்டத்துக்கு நடுவில் எல்லாம் தானாக, சத்தமில்லாமல். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணாச்சியைக் கூப்பிட்டு டிவியைக் காட்டினேன்.

"பாத்தீங்களா, யாராவது போன் போட்டாங்களா? யாராவது கத்தினாங்களா?"

அவர் கையில் பால்கோவாப் பொட்டலத்தோடு சிவப்பு வட்டத்தையே பார்த்தார். "தம்பி, எதுக்கும் அந்தப் புள்ளைக்கு ஒரு போனப் போட்டுப் பாத்துருவமா?"

"தேவையில்லை அண்ணாச்சி. அதுக்குத்தானே இது."

தனக்கு என்னவோ ஞாபகம் வரமாட்டேன் என்கிறது என்றார். பழைய பலகை இருந்த இடத்தைப் பார்த்தார். அங்கே டிவிதான் இருந்தது. அதற்குள் நான்கு பேர் ஒரே நேரத்தில் கால் கிலோ கேட்க, கல்லாவுக்குப் போய்விட்டார்.

சோழபுரத்தில் நடந்தது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அந்தப் பெண் மத்தியானத்தோடு மிசினை நிறுத்தி, கழுவித் துடைத்து, கம்ப்யூட்டருக்கும் என் பெட்டிக்கும் சேர்த்துச் சந்தனம் குங்குமம் வைத்து, பூப் போட்டு, மெயினை அணைத்துவிட்டாள். பூஜைக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை வரை தொடக்கூடாது. இது எனக்கும் தெரியும். சின்ன வயதில் பாடப் புத்தகத்தைப் பூஜையில் வைத்துவிட்டு, ஒரு நாள் படிக்க வேண்டாம் என்று குதித்தவன்தான் நானும். ஆனால் மாட்டுக்குப் பூஜை தெரியாது, அது சாயங்காலமும் கறக்கும். அதனால் வருடா வருடம் அன்றைக்கு மட்டும் லிட்டர் படியால் அளந்து நோட்டில் எழுதுவாள். வேன் வழக்கம்போல வரும். பலகையில் நான் துடைத்த அந்த ஒரு வரிக்கு இதுதான் அர்த்தம். செட்டியார்பட்டியில் இருந்தவர் ஓடுகிற மிசினுக்கே பொட்டு வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார் போலிருக்கிறது. என் பதிவேட்டின்படி அவர் ஒருவர்தான் உயிரோடு இருந்தார்.

சாயங்காலம் ஆறரை மணிக்கு டிரைவர் செட்டியார்பட்டிப் பாலோடு வந்து இறங்கினார். வந்தவர் நேராக என்னிடம் வந்து, வெகு மரியாதையாகச் சொன்னார். "சார், சோழபுரத்துல அம்புட்டுப் பாலும் கேன்ல நிக்காம், வழியில பாத்தவங்க சொன்னாங்க. அந்தப் பொண்ணு ஏழெட்டுத் தடவ எனக்குப் போன் போட்டுச்சு."

"ஏன்யா எடுக்கலை?"

"எப்படி சார் எடுக்கது? செத்துப்போச்சுன்னு நீங்க போட்டு வச்சிருக்கீய. செத்தவுக போன எடுத்தா ஆவுமா?"

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். அண்ணாச்சி கல்லாப் பெட்டிக்குள் கிடந்த தன் போனை எடுத்துப் பார்த்தார். அதிலும் அவள் பேர்தான் வரிசையாக இருந்தது. கடை லேண்ட்லைனுக்கும் அடித்திருப்பாள். இனி தேவையில்லை என்று அந்த இணைப்பையே வெட்டச் சொன்னவனும், என் நம்பரை அவளிடம் கொடுக்காதவனும் நான்தான். அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. "மத்தியானமே ஒரு போனப் போட்டுருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவளைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் அவளைச் செத்ததாகப் போட்டுவிட்ட கதையைச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. கேனை இறக்கிவிட்டு வேன் பின்னால் வரட்டும் என்று நான் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வழியெல்லாம் பூஜை போட்ட லாரிகள், வாழைக்கன்று கட்டிய ஆட்டோக்கள், ரோட்டில் உடைத்த பூசணிக்காய்கள். நான் போய்ச் சேர்ந்தபோது நிலையத்து வாசலில் கூட்டம். அழுகிறார்கள் என்று ஒரு விநாடி நினைத்தேன். அழவில்லை. வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து கல்யாண வீட்டு அண்டா இரண்டும் ஒரு பெரிய வட்டச் சட்டியும் கொண்டுவந்து, தெருவிலேயே கல் கூட்டி விறகடுப்பு மூட்டியிருந்தாள். பால் திரிவதற்குள் காய்ச்சிச் சுண்டவைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கேன் பால் ஏற்கெனவே திரிந்துபோய் ஓரமாக நின்றது, மூடியைத் திறக்காமலே நாற்றம் தெரிந்தது. பால் ஊற்றிய வீட்டுக்காரர்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்ச்சாரியில் ஒருவன் பைக்கில் சாய்ந்து நின்று போன் பேசிக்கொண்டிருந்தான். அவன்தான் அந்த ஏஜெண்ட் என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஆயுத பூஜைக்குச் சோழபுரத்திலிருந்து அவன் பண்ணைக்கு நான் கொடுத்த பரிசை அவன் நேரிலேயே வந்து வாங்கிக்கொண்டிருந்தான்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கரண்டியை நிறுத்தவில்லை.

"வாங்கண்ணே. எழவு கேக்க வந்தீயளா? நாந்தான் செத்துப்போயிட்டேனாமே. பால் ஊத்திட்டுப் போங்க, அங்க ரெண்டு கேன் தயாரா இருக்கு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. நான் வாயைத் திறந்து, நெட்வொர்க், டைம் அவுட் என்று என்னவோ ஆரம்பித்தேன். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வைகுண்டத்துக்கு வழி சொன்ன மாதிரி இருந்திருக்கும்.

அவள் குறுக்கே கேட்டாள். "எம்புட்டு நேரம் பேசாம இருந்தா செத்ததா அர்த்தம், அதுக்கு?"

"முப்பது செகண்ட்."

கரண்டி அப்போதுதான் நின்றது. அவள் குரல் உயரவில்லை.

"எங்க வீட்டுல அவிய பனிக்குள்ள கெடக்காவ. மேல ஏறிட்டாவன்னா பதினஞ்சு நாளு, இருவது நாளு போனு வராது. செத்தாவளா இருக்காவளான்னு எனக்கும் தெரியாது. தெனம் சாயங்காலம் அந்தப் போனப் பாத்துக்கிட்டேதான் பால் அளக்கேன். நான் ஒரு நாளாச்சும் அவிய பேர அடிச்சிருக்கனா?"

வெட்கமாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். வேலை போன அன்று கூட எனக்கு அப்படி இருக்கவில்லை. அன்றைக்குக் கோபம் இருந்தது. கோபம் வசதியானது, அடுத்தவன் மேல் போட்டுக்கொள்ளலாம். இதை யார் மேல் போடுவது?

பதினாறு வருடம் இந்தத் தொழிலில் இருந்தவனுக்கு இது தெரியாத பாடமும் அல்ல. பதில் வரவில்லை என்றால் செத்துவிட்டதா, மெதுவாக இருக்கிறதா, வழியில் எங்கேயோ தகவல் மாட்டிக்கொண்டதா என்று இந்தப் பக்கம் இருப்பவனால் கண்டுபிடிக்கவே முடியாது. எங்கள் தொழிலில் முதலில் படிப்பதே அதுதான். படித்துவிட்டு, முடியாது என்றால் சும்மா இருக்க முடியுமா, முப்பது விநாடி என்று ஒரு எண்ணைப் போட்டுவிட்டுச் சம்பளம் வாங்குவோம். அந்த எண் யார் தலையில் விழுகிறது என்று நேரில் போய்ப் பார்த்தது அன்றைக்குத்தான்.

சட்டையைக் கழற்றிப் பைக்கில் போட்டுவிட்டு, இன்னொரு கரண்டியைக் கேட்டேன். அவள் கொடுத்தாள். கொடுத்தவள், "அடி பிடிச்சாத் தொலைச்சுப்புடுவேன்" என்றாள். ஒரு அண்டாவை நான் கிண்டினேன். பத்து நிமிடத்தில் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. அண்ணாச்சியின் அடுப்படியில் இதையே நாள் முழுக்கச் செய்கிறவர்களைப் பார்த்து, இதற்கும் ஒரு மிசின் போடலாமே என்று நான் சொன்னது ஞாபகம் வந்து, வாயை மூடிக்கொண்டு கிண்டினேன்.

வேன் வந்தது. டிரைவர் இறங்கினார். அவர் போனில் இன்னமும் சோழபுரம் கிடையாது. அவர் என்னையும் கரண்டியையும் பனியன் நனைந்ததையும் பார்த்துவிட்டு, கிளீனரிடம் தெலுங்கில் ஒன்று சொன்னார். "இன்னிக்குத்தாண்டா இவன் வேலைக்குச் சேந்திருக்கான்" என்று அர்த்தம். நான் தெலுங்கிலேயே, "ஆமாம், கேனை ஏத்துங்க" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னைத் திட்டுவதற்கு எந்த மொழிக்குப் போகிறார் என்று தெரியவில்லை.

சுண்டிய பாலை அண்ணாச்சி வாங்கிக்கொண்டார். திரிந்த கேன்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கு அவள் கைக்காசைக் கொடுத்துவிட்டாள். பாலை வாங்கியாகிவிட்டது, அதற்கப்புறம் அது அவள் பாடு. ஆனாலும் அவள் பயந்தது நடந்தது. மறுநாள் காலையே எட்டு வீடு ஏஜெண்டிடம் போய்விட்டது. அதில் ஐந்து வீடு பொங்கலுக்குள் திரும்பி வந்தது. மூன்று வீடு வரவேயில்லை. குளிர்ப்பதன டேங்க் ஒரு வருடம் தள்ளிப்போனது. இதையெல்லாம் அவள் என்னிடம் குறையாகச் சொல்லவில்லை. நான்தான் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

டிவிக்குப் பக்கத்தில் கரும்பலகை திரும்ப ஏறியது. அண்ணாச்சி சொல்லச் சொல்ல, துடைத்ததையெல்லாம் நானே எழுதினேன். இரண்டு மூன்று வரிகள் அவருக்கே ஞாபகம் வரவில்லை. அவை என்ன என்பதை அடுத்த ஒரு வருடத்தில் ஒவ்வொன்றாகப் பட்டுத் தெரிந்துகொண்டோம். விதியையும் மாற்றினேன். இப்போது சத்தம் வராவிட்டால் வட்டம் மஞ்சளாகும், சிவப்பு என்பதே கிடையாது. பக்கத்தில் "பேசவில்லை" என்று மட்டும் எழுதியிருக்கும். ஒரு மனிதர் போன் போட்டு, இன்னொரு மனிதர் எடுத்து, வண்டி வேண்டாம் என்று சொன்னால்தான் ஊர் வழியிலிருந்து நீங்கும். பெங்களூரில் இப்படி ஒரு விதியை எவனாவது கொண்டுவந்திருந்தால் மீட்டிங்கில் வைத்துச் சிரித்திருப்பார்கள். முதலில் சிரித்திருக்கக்கூடியவன் நான்.

இந்த வருட ஆயுத பூஜைக்கும் கடையில் அதே கூட்டம். சர்வரின் தலையில் அதே எலுமிச்சம்பழம். பன்னிரண்டரைக்குச் சோழபுரம் மஞ்சளானது. நான் போனை எடுப்பதற்குள் அதுவே அடித்தது.

"அண்ணே, நாந்தான். மிசினுக்குப் பொட்டு வச்சாச்சு. உசுரோட இருக்கேன், எழுதிக்கிடுங்க."

போன வருடத்திலிருந்து, மிசின் நிற்கும்போதெல்லாம் இது அவளுடைய வழக்கம். நான் ஒவ்வொரு தடவையும் சிரிப்பேன். இந்தத் தடவையும் சிரித்துவிட்டு, வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகி வர இன்னும் மூன்று மாதம்தானே என்ற நினைப்பில் கேட்டேன்.

"சார் போன் பண்ணாங்களாம்மா? பூஜைக்குக்கூட லீவு இல்லையா?"

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

"பேசி இருவத்தாறு நாளாச்சுண்ணே."

எனக்குத் தெரிந்து இருபதைத் தாண்டியதில்லை. நான் டிவியைப் பார்த்தேன். மஞ்சள் வட்டம் அப்படியே இருந்தது.

"மேல சிக்னல் இருக்காதும்மா" என்றேன்.

"ஆமா, சிக்னல் இருக்காது" என்றாள் அவள். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, "அஞ்சு மணிக்கு வண்டி வரச் சொல்லுங்க, பால் இருக்கு" என்றாள்.

நான் சாக்பீசை எடுத்து, மங்கியிருந்த அந்த ஆயுத பூஜை வரியின் மேலேயே அழுத்தி இன்னொரு தடவை எழுதினேன். அஞ்சு மணிக்கு வேனில் டிரைவர் பக்கத்தில் நானும் ஏறிக்கொண்டேன். அவர் சீட்டில் கிடந்த துண்டை எடுத்து இடம் விட்டார்.